பிளஸ் டூ மாணவர்களுக்கான ஒளியியல் கல்விச் சுற்றுலா: விவரம் தேவை

அனைவருக்கும் வணக்கம். கதிர் ஒளியியல் படிக்கும் எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை, சென்னை கோட்டூர்புரத்தில் 1988 முதல் இயங்கிவரும் பிர்லா கோளரங்கத்துக்கும், மறுநாள் ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டிருக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளோம்.

தட்டைத் திரைக்கென உருவாக்கிய படத்தை கோளரங்கத்தின் அரைக்கோளக் கூரையில் அப்படியே காட்டினால் நேர்கோடுகள் வளைந்து தெரியும் என்பதால், அந்த வளைவை முன்கூட்டியே கணக்கிட்டு ஈடுசெய்யும் முறையை மாணவர்கள் வல்லுநர்களிடமே கேட்டறிய வேண்டும் என விரும்புகிறேன். வெறும் காட்சிக்காக இவ்வளவு தூரம் செல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கோளரங்கத்தில் காட்சி முடிந்தபின் தொழில்நுட்பப் பணியாளர்களுடன் உரையாட அனுமதி கிடைக்குமா, அதற்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? காவலூரில் பள்ளிக் குழுவினர் பெரிய தொலைநோக்கியை அருகில் சென்று பார்க்க இயலுமா? கண்களில் அணியும் மெய்நிகர் (VR) கண்ணாடியில் உள்ள குவிலென்சுகளைக் கழற்றிக் காட்டி விளக்கும் கல்லூரி ஆய்வகம் ஏதேனும் சென்னையில் இருந்தால், அதையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.