உண்ணிச்செடியை ஒழிக்க பூச்சி விடலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். லாண்டானா என்று நர்சரிகளில் அழகுக்காக விற்கிறார்களே, அந்த உண்ணிச்செடி எங்கள் வேலியோரம் முழுக்கப் புதராகிவிட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. பழத்தைப் பறவைகள் தின்று விதையை ஊரெல்லாம் பரப்புகின்றன. ஆடு மாடு இலையை மேய்ந்தால் கல்லீரல் கெடும் என்பதால் அப்படியே விடவும் பயம்.

இலைச்சாறு உறிஞ்சும் டெலியோனிமியா பூச்சியைப் பிடித்து வந்து விடலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தயக்கம்தான். உகாண்டாவில் அதே பூச்சி எள் பயிருக்குத் தாவியிருக்கிறது. தவிர, இலை உதிர்ந்தாலும் செடி மீண்டும் தழைத்துவிடுமாம்.

சப்பாத்திக்கள்ளி கதை இன்னும் யோசிக்க வைக்கிறது. 1925-இல் அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன காக்டோபிளாஸ்டிஸ் அந்துப்பூச்சியின் புழுக்கள் அங்கே கள்ளியைத் தின்றே தீர்த்தன. பிரமாதமான வெற்றி. ஆனால் 1957-இல் கரீபியன் தீவுகளில் விட்ட அதே பூச்சி, 1989-இல் புளோரிடாவில் தென்பட்டு, அந்த மண்ணுக்கே உரிய கள்ளிகளை அரிக்க ஆரம்பித்தது. விட்ட பூச்சியைத் திரும்பக் கூப்பிட முடியாதே! பல வருடம் சோதித்து, அனுமதியோடு விடவேண்டிய ஒன்றை வீட்டுத் தோட்டத்தில் நாமே செய்வது சரியா?

வேரோடு பிடுங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும், எந்தப் பருவம் நல்லது? பிடுங்கியதை உரக்குழியில் போட்டால் விதை முளைக்குமா? அப்புறம், மலட்டு ரகம் என்று விற்கும் லாண்டானாவை வளர்த்தவர்கள், அது உண்மையிலேயே காய்க்காமல் இருக்கிறதா?