ஒருவருக்குச் சொறி வந்தால் வீட்டில் எல்லாருக்கும் மருந்து பூசினீர்களா?

மாங்குளத்தாள்:
2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில் இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. தறப்பாள் கூடாரம், ஒன்றுக்குள் இரண்டு குடும்பம், தண்ணீருக்கு வரிசை, பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில். என் சின்னவனுக்குத்தான் முதலில் கடி, அதாவது அரிப்பு, தொடங்கியது. பகலில் விளையாடுவான். இரவானால் விரலிடுக்கைச் சொறிந்து சொறிந்து அழுவான். மருந்துக் கொட்டிலில் இருந்த டொக்டர் அவன் கையை வெளிச்சத்தில் பிடித்து, மயிர் அளவில் ஒரு கோட்டைக் காட்டினார். "சொறிப்பூச்சி தோலுக்குள் துளைத்துப் போன வழி இது. கூடாரத்தில் இருக்கிற எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும்" என்றார்.

எல்லாரும் என்றால் மற்றக் குடும்பமும்தான். நான் அவர்களிடம் சொல்லவில்லை. துப்புரவில்லாத சனம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம். அவர்கள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து எங்கள் நாலு பேருக்கும் மட்டும் பூசினேன். ஒரு மாதம் போயிருக்கும். அந்தக் குடும்பத்து அக்கா தன் ஆறு மாதக் குழந்தையின் காலைத் திருப்பிக் காட்டி, "தங்கச்சி, இது என்னவென்று தெரியுமா?" என்று கேட்டார். உள்ளங்கால் முழுக்கச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். "தெரியாது அக்கா" என்றேன்.

அந்தக் குட்டிக் காலை இன்னும் மறக்க முடியவில்லை. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது?

ஏ9 வீதியான்:
எனக்கு வந்தது சொறி இல்லை, படை. சாரம் இறுக்கிக் கட்டும் இடத்தில் குற்றிக்காசு அளவில் ஒரு வட்டம், ஓரம் தடித்து, நடு வெளுத்து. பாமசியில் ஒரு ரியூப் தந்தார்கள். மூன்று நாளில் கடி நின்றது. விட்டால் வரும், பூசினால் போகும். எட்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு தொடைக்கு இறங்கி, கடைசியில் தாடைக்குக் கீழும் வந்தது. அப்போது வட்டமும் இல்லை, சும்மா சிவந்து பரவிக் கிடந்தது.

வவுனியாவில் தோல் கிளினிக்கில் டொக்டர் பிளேட்டின் விளிம்பால் தோலை மெல்லச் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் தட்டினார். நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு, பூசிய ரியூப்பைக் கேட்டார். பெட்டியை இரண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதற்குள் ஸ்டீரோயிட் இருக்கிறது. கடியை அடக்கிவிட்டு, படையை உண்டாக்கும் பங்கசுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறீர் தம்பி." ஆறு கிழமை குளிசையும் கிறீமும். தழும்பு மறைந்த பிறகும் இரண்டு கிழமை பூசச் சொன்னார், பூசினேன்.

வேப்பமரத்தடி:
மாங்குளம் தங்கச்சி, எல்லாவற்றுக்கும் பூச்சி என்று சொல்லிவிட ஏலாது. எங்கள் ஆச்சி இப்படி வரும் தோல் புண்ணைக் கிரந்தி என்பார். கத்தரிக்காயும் தக்காளியும் நிறுத்தி, வேப்பிலையையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்துப் பூசுவார். எனக்கு 12 வயதில் முழங்கை எல்லாம் புண். ஆச்சி முற்றத்தில் இருத்திப் பூசிவிட்டு, காயும் வரை விசிறிக்கொண்டே இருப்பார். மாறியது. பாமசி ரியூப் என்ன செய்தது என்று மேலே தம்பியே எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகும் நாங்கள் எங்கள் மருந்தை விடலாமா?

ஓய்வுபெற்ற தாதி:
வேப்பமரத்தடி அண்ணா, உங்கள் ஆச்சியின் கைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் வாட்டுக்கு வந்த ஒரு பெடியனைச் சொல்ல வேண்டும். ஏழு வயது இருக்கும். கடிக்கிற இடமெல்லாம் சொறிந்து புண்ணாகி, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. பல கிழமையாக இலைதான் அரைத்துப் பூசியிருக்கிறார்கள். காலையில் எழும்பும்போது கண் இமை வீங்கியிருந்ததால் கூட்டிவந்தார்கள். சலம் (சிறுநீர்) எடுத்துத் தரச் சொன்னேன். போத்தலைக் கையில் வாங்கியதும் எனக்கு நெஞ்சு பகீர் என்றது. பிளேன்ரீ நிறம். சொறிந்த புண்ணுக்குள் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற கிருமி போனால், சில கிழமை கழித்துச் சிறுநீரகம் வீங்கலாம். அந்தப் பிள்ளை சுகமாகித்தான் வீட்டுக்குப் போனான். இப்போது கறுத்தத் தேத்தண்ணீரைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் போத்தல் நினைவு வரும்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொறிக்கு மருந்து சரி, பூசுகிற விதம் பிழை என்று எத்தனையோ வீடு பார்த்துவிட்டேன். கடிக்கிற இடத்தில் மட்டும் பூசுவார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல் பூச வேண்டும். விரலிடுக்கு, நகத்தின் கீழ், தொப்புள், அக்குள், மார்பின் கீழ், மறைவிடம் எல்லாம். கைக்குழந்தை என்றால் கண்ணையும் வாயையும் விட்டு முகத்துக்கும் தலைக்கும் கூட, ஆனால் டொக்டரைக் கேட்டுத்தான். பெர்மெத்ரின் கிறீம் என்றால் இரவு பூசிக் காலையில் கழுவலாம், எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் உடம்பில் இருக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூசுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் கட்டாயம். பென்சைல் பென்சோயேற் லோஷன் எரியும், பிள்ளைகளுக்கு எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று கேட்டுக்கொண்டுதான் பூச வேண்டும்.

"எனக்குக் கடியே இல்லை, நான் ஏன் பூச வேண்டும்?" என்று வீட்டில் ஒருவராவது நிற்பார், அநேகமாக அப்பா. முதல் தரம் தொற்றுகிறவருக்குக் கடி தொடங்க நாலு முதல் ஆறு கிழமை கூட ஆகும். அதற்குள் அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் போய்விடும். அன்றைய உடுப்பு, துவாய், படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். தோய்க்க முடியாததைப் பையில் கட்டி ஒரு கிழமை வையுங்கள், மனிதத் தோல் இல்லாமல் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மருந்துக்குப் பிறகும் இரண்டு முதல் நாலு கிழமை கடி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து தினமும் பூசித் தோலைப் பொசுக்கிவிடாதீர்கள்.

மாங்குளம் தங்கச்சி, அந்தக் குழந்தைக்குப் பிறகு மருந்து கிடைத்ததா?

நெடுங்கேணிக் காடு:
கடிக்காத புண்ணைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அப்பா விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குப் போகிறவர். காதுக்குக் கீழே ஒரு பரு வந்தது. நோவும் இல்லை, கடியும் இல்லை. மூன்று மாதத்தில் குளவிக்கூட்டின் வாய் போல நடு குழிந்துவிட்டது. சிலந்தி கடித்தது என்று நினைத்துப் பார்வை பார்த்தோம், நூல் கட்டினோம்.

டொக்டர் புண்ணின் ஓரத்தில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க அனுப்பினார். லீஷ்மேனியாசிஸ். மணல் ஈ கடித்து வருவது. நுளம்பைவிடச் சின்னது, பறக்கும் சத்தமே கேட்காது என்றார்கள். 2008 முதல் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாம், அதனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் (பி.எச்.ஐ.) வீட்டுக்கு வந்து போனார். ஊசி கையில் இல்லை, புண்ணுக்குள்ளேயே போட்டார்கள், கிழமைக்கு ஒரு தரம். தேனீ பத்து கொட்டினாலும் முகம் சுளிக்காத மனிதர். முதல் ஊசிக்கு என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்துவிட்டது. "நோகாத புண்ணுக்கு இவ்வளவு நோவான மருந்தா பிள்ளை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. மூன்று மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தது நான்தான்.

முத்தையன்கட்டு வயல்:
காலபோக நெல் வேலை நேரம், அம்மாவுக்குக் கால்விரலிடுக்கில் சேற்றுப்புண். அவருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. ஒரு நாள் காய்ச்சலும் நடுக்கமும், கால் சிவந்து கொதித்தது. ஆஸ்பத்திரியில் தாதி சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார். பின்னேரம் பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல்கடை மேலே ஏறியிருந்தது. மருந்தை மாற்றினார்கள். இரண்டு இரவு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சிவப்பு கோட்டுக்குள் இறங்கியது. இப்போது வயலால் வந்ததும் அம்மாவின் விரலிடுக்கை நானே துடைத்து விடுகிறேன்.

வேப்பமரத்தடி:
தாதி தங்கச்சி, சலத்தின் நிறம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு எழும்பிப் போய்ப் பேரனின் கையைப் பார்த்தேன். இரண்டு கிழமையாக இரவில்தான் சொறிகிறான். விரலிடுக்கில் பருவும் இருக்கிறது. இலை அரைத்துத்தான் பூசிக்கொண்டிருந்தேன். எனக்குக் கடி ஒன்றும் இல்லை. என்னோடுதான் படுக்கிறான்.

ஓய்வுபெற்ற தாதி:
அண்ணா, நாளைக்கே பிள்ளையைக் காட்டுங்கள். அது சொறிதான் என்றால் அதே இரவில் உங்களுக்கும் பூச வேண்டும்.

மாங்குளத்தாள்:
தாதி அக்கா, கேட்டிருந்தீர்கள். கிடைத்தது. அவர்களாகவே மருந்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் என் சின்னவனுக்கும் திரும்ப வந்துவிட்டது, வராமல் எப்படி இருக்கும்? இரண்டாம் தரம் இரண்டு குடும்பமும் ஒன்றாகப் பூசினோம், அதோடு போய்விட்டது. பூசிய அன்றிரவு அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் பிள்ளையிலிருந்துதான் உன் சின்னவனுக்கு வந்திருக்கும் தங்கச்சி, மனதில் வைத்துக்கொள்ளாதே" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.