லேசர் பீனிங்: உலோகத்தைச் சுடுகிறதா, அடிக்கிறதா?

கேள்வி:
சுருள்வில்களுக்கு ஷாட் பீனிங் செய்யும் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எஃகுக் குண்டுகளால் பரப்பை அடித்து அங்கே அமுக்கத் தகைவை (உலோகத்தை உள்நோக்கி நெருக்கும் விசையை) தங்கவைத்தால், சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வரும் அயர்வு விரிசல் எளிதில் திறப்பதில்லை என்பதை அன்றாடம் பார்க்கிறேன். இதே வேலையை லேசரும் செய்யும் என்கிறார்கள். ஆனால் சூடேறிய பரப்பு ஆறும்போது சுருங்கி, அதற்கு நேர்மாறாக விரிசலைத் திறக்க இழுக்கும் இழுவிசைத் தகைவு அல்லவா அங்கே தங்கும்?

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானது. அதனால்தான் வழக்கமான முறையில் உலோகத்தின்மேல் கறுப்பு வண்ணம் பூசி அல்லது நாடா ஒட்டி, அதன்மேல் மெல்லிய நீர்ப்படலத்தை ஓடவிடுகிறார்கள். சில பத்து நானோ நொடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பு நீரைக் கடந்து சென்று, பூச்சின் மேற்புறத்தை ஆவியாக்கிப் பிளாஸ்மாவாக (மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவாக) மாற்றுகிறது. விரியத் துடிக்கும் அந்தப் பிளாஸ்மாவை நீர் அடக்கிப் பிடிப்பதால் அழுத்தம் பல கிகாபாஸ்கல் வரை ஏறி, அதிர்ச்சி அலையாக உலோகத்துக்குள் பாய்கிறது. வெப்பம் பூச்சோடு நின்றுவிடும். உலோகத்துக்கு வந்துசேர்வது அடி மட்டுமே. ஷாட் பீனிங்கில் பெரும்பாலும் கால் மி.மீ. அளவில் நின்றுவிடும் அமுக்கத் தகைவு, இதில் 1 மி.மீ. ஆழத்தையும் தாண்டும்.

மறுமொழி 2:
அந்த ஆழத்தின் அருமையை அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமானத்தில் காணலாம். அதன் எஃப்101 எஞ்சினுக்குள் உறிஞ்சப்படும் கல்லும் பனிக்கட்டியும் டைட்டானிய விசிறித் தகடுகளின் முன்விளிம்பில் சிறு வெட்டுகளை உண்டாக்க, அங்கிருந்து விரிசல்கள் தொடங்கின. 1990களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அந்த விளிம்புகளுக்கு லேசர் பீனிங் செய்யத் தொடங்கியது. வெட்டு, அமுக்கத் தகைவு நிற்கும் ஆழத்தைத் தாண்டாதவரை விரிசல் வளர்வது கடினம். மெல்லிய விளிம்பில் இரு புறமும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்: ஒரு புறம் மட்டும் அடித்தால் தகடு வளையும், அலையும் மறுபுறத்தில் மோதி இழுவிசை அலையாகத் திரும்பி உள்ளே சேதம் விளைவிக்கலாம்.

மறுமொழி 3:
முதல் மறுமொழிக்கு ஒரு சேர்க்கை. பூச்சு எப்போதும் கட்டாயமன்று. ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1999 முதல் அணு உலைகளின் உள்ளுறுப்புகளில், அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து உண்டாக்கும் அரிப்புத் தகைவு விரிசலைத் தடுக்க, நீருக்கடியில் பூச்சின்றியே இதைச் செய்துவருகிறது. பரப்பில் மிக மெல்லிய படலம் உருகினாலும், ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சிறு துடிப்புகளின் மொத்த விளைவாக அமுக்கத் தகைவே எஞ்சுகிறது.

கேட்டவர்:
பூச்சும் நீரும் எதற்கென்று இப்போது விளங்குகிறது, மிக்க நன்றி. எங்கள் சுருள்வில்களுக்கு இது பொருந்துமா?

மறுமொழி 1:
பரிந்துரைக்க மாட்டேன். லேசர் புள்ளி புள்ளியாகத்தான் அடிக்கும். சுருளின் உட்புறத்துக்கு ஒளியைக் கொண்டுசெல்வதும் கடினம். ஆயிரக்கணக்கில் செய்யும் வில்களுக்குக் குண்டுகளே போதும், செலவும் குறைவு.