கபிரியேல் வேஷம் கிடைக்கவில்லை, மேய்ப்பர் வேஷம் வேண்டாம் என்கிறாள் மகள்

கேள்வி (தங்கச்சிமடம் அம்மா):
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பங்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்கு முன்னால் மறைக்கல்விப் பிள்ளைகள் இயேசு பிறப்பு நாடகம் போடுவார்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு, மரியாளிடம் செய்தி சொல்ல வரும் வானதூதர் கபிரியேல் வேஷத்தின் மேல் அவ்வளவு ஆசை. ‘அருள்மிகப் பெற்றவரே வாழ்க’ தொடங்கி வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்து, வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தாவை மரியாளாக வைத்துப் பேசிப் பார்த்தாள். ஆனால் ஆள் எடுக்கிற அன்று, மற்ற பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து பார்க்க மைக்கைக் கையில் கொடுத்ததும் முதல் வரியோடு குரல் நின்றுவிட்டது. சிஸ்டர் தண்ணீர் கொடுத்துத் தாளைப் பார்த்துப் படிக்கச் சொன்னார்கள், அதுவும் வாய்க்குள்ளேயே போனது. கடைசியில் மேய்ப்பர் வேஷம், ஒரே ஒரு வரி. இப்போது ஒத்திகைக்கே போகமாட்டேன் என்று அழுகிறாள். சிஸ்டரிடம் பேசி இன்னொரு வாய்ப்புக் கேட்கலாமா? அவள் அப்பா வேண்டாம் என்கிறார்.

பதில் 1 (பாம்பன் மறைக்கல்வி ஆசிரியை):
சகோதரி, வேஷத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். கபிரியேல் கிடைத்த பிள்ளையும் இன்று உங்கள் மகளைப் போலவே வசனத்தோடுதான் தூங்கி எழுந்துகொண்டிருக்கும். நாங்கள் ஆள் எடுக்கும்போது நடிப்பை மட்டும் பார்ப்பதில்லை. கடைசி வரிசைக்குக் குரல் போகிறதா, தினமும் ஒத்திகைக்கு வருவாளா, இருக்கிற அங்கி உயரத்துக்குச் சேருமா, இதெல்லாம் உண்டு. ஆனால் ஒன்று கேட்கலாம்: கபிரியேல் வசனத்தையும் இவள் கூடவே பழகிக்கொள்ளட்டுமா என்று. டிசம்பர் மழையில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது சகஜம், அந்த வசனம் தெரிந்த இன்னொரு பிள்ளை இருந்தால் எந்த சிஸ்டரும் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் நாடகம் நேரடிப் பேச்சா, முன்பே பதிவு செய்து ஓடவிடுவதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு என்றால் வாயசைப்புத்தான், பயத்துக்கு அங்கே வேலையே இல்லை. நேரடி என்றால் மைக் பிடித்துப் பழக வேண்டும்.

பதில் 2 (தொண்டிப் பக்கத்து அண்ணன்):
மேய்ப்பரைச் சின்ன வேஷம் என்று யார் சொன்னது? லூக்கா நற்செய்தியில் பிறப்புச் செய்தி முதலில் போய்ச் சேருவதே வயல்வெளியில் கிடை காத்தவர்களிடம்தானே. என் கதையைச் சொல்கிறேன். ஓரியூர் எங்களுக்குப் பக்கம், புனித அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ சாமியார் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட மண், அதனால் எங்கள் ஊரில் அவர் நாடகம் என்றால் தனி மரியாதை. ஆம்பிளைப் பிள்ளைகள்தான் பெண் வேஷமும் கட்டுவார்கள். அவரால் கிறிஸ்தவரான தடியத்தேவர் விலக்கிவைத்த இளைய மனைவி, ராமநாதபுரம் ராஜா சேதுபதியிடம் போய் முறையிடுகிற கட்டத்துக்கு நான் பாடிக் காட்டினேன். நாடகம் பழக்குகிற அண்ணாவியார் கேட்டுவிட்டு, சுருதி சேரவில்லையடா என்று சொல்லி, சேதுபதிக்குச் சாமரம் வீச நிறுத்திவிட்டார். வசனமே கிடையாது. ராத்திரி ராத்திரியாக நின்றதில் கிழவன் சேதுபதியின் பாட்டு, மந்திரி பேச்சு எல்லாமே மனதில் ஏறிவிட்டன. மேடையில் ராஜா வேஷக்காரர் அடி மறந்து திணறியபோது, சாமரத்தை வாய்க்கு மறைவாகப் பிடித்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த நிமிர்வு வேறு எதிலும் வந்ததில்லை. பாப்பாவை ஒத்திகைக்கு மட்டும் அனுப்புங்கள் தங்கச்சி, மற்றது தானாக வரும்.

பதில் 3 (மண்டபம், கல்லூரி மாணவி):
அக்கா, வீட்டில் பேசுவதும் மைக்கில் பேசுவதும் வேறு வேறு. தன் குரலே பெரிதாகத் திரும்பி வந்து காதில் விழும்போதுதான் சின்னப் பிள்ளைகள் மிரண்டு போகிறார்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. கோயிலில் யாரும் இல்லாத நேரம் கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியாரிடம் சொல்லி மைக்கைப் போட்டு, அவளுக்குப் பிடித்த பாட்டு ஏதாவது பாடவிடுங்கள், வசனம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாடகத்தன்று விளக்கு முகத்தில் அடித்தால் எதிரே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடற்கரைக்குக் கூட்டிப்போய் வாடைக்காற்றுக்கு எதிராகக் கத்திப் பேசச் சொல்வதும் நல்ல பயிற்சி. ‘சரியாப் பேசு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பயம் கூடும்.

கேள்வி கேட்டவர் (கிறிஸ்துமஸ் முடிந்து):
பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிஸ்டர் சரி என்றார்கள், இரண்டு வசனமும் பழகினாள். கபிரியேல் பிள்ளைக்குக் காய்ச்சல் ஒன்றும் வரவில்லை, நன்றாகவே செய்தது, என் மகள்தான் அதற்குச் சிறகு கட்டிவிட்டாள். மழையால் வெளி மேடையை விட்டுவிட்டுக் கோயிலுக்குள்ளேயே நடந்தது. தாத்தாவின் துண்டைத் தலையில் கட்டிக் கம்போடு நின்றவள், வானதூதர் பாட்டு முடிவதற்குள்ளேயே ‘வாருங்கள், நாம் பெத்லகேமுக்குப் போவோம்’ என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டாள். மற்ற மேய்ப்பர்களும் எழுந்து நடந்துவிட்டார்கள், பாடகர் குழு பாட்டைச் சீக்கிரம் முடித்துச் சமாளித்தது. பார்த்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. இவளுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை, நேரம் பார்த்துப் பேசியிருக்க வேண்டும் என்று அவளே சொல்கிறாள். அடுத்த வருஷத்துக்கு இப்போது ஏரோது ராஜா வேஷம் கேட்கிறாள். பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களா ஆசிரியை அம்மா?

பதில் 1 (பாம்பன் மறைக்கல்வி ஆசிரியை):
எங்கள் பங்கில் கொடுத்திருக்கிறோம். தாடி ஒட்டும்போது அரிக்கும் என்று மட்டும் இப்போதே சொல்லிவையுங்கள்.