மியூனிக் நடுவில் ஓடும் ஈசார் ஆற்றில் எப்படிக் குளிக்கிறார்கள்?

கெங்கேரிக்காரன்:
வேலைக்காக ஜெர்மனி போன தம்பி வீடியோ அனுப்பியிருக்கிறான். மியூனிக் நகரத்துக்கு நடுவில், ஈசார் ஆற்றில் ஜனங்கள் சர்வசாதாரணமாக நீந்துகிறார்கள், அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிறது. ஆல்ப்ஸ் மலைத் தண்ணீர் என்பதால்தானா, இல்லை வேறு ஏதாவது செய்கிறார்களா? பெங்களூரு மைசூர் ரோட்டில் தினமும் விருஷபாவதி ஆற்றின் நாற்றத்தில் போய்வருகிறவன், அதனால் கேட்கிறேன்.

ஒயிட்ஃபீல்ட் செல்வி:
மலைத் தண்ணீர் மட்டும் காரணமில்லை சார், அந்த ஆறும் நிறைய அடிபட்டதுதான். 1924-இல் வால்கென்சே மின்நிலையத்துக்காக மேலேயே தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், கீழே வெறும் கல்லாகக் கிடந்தது, 1990-க்குப் பிறகுதான் ஆற்றுக்கென்று ஒரு பங்கு விட்டார்கள். நகரத்துக்குள் கரை கட்டி வாய்க்கால் மாதிரி நேராக்கி வைத்திருந்தார்கள். 2000 முதல் 2011 வரை 8 கிலோமீட்டருக்கு அந்தக் கரையைப் பெயர்த்து, ஆற்றை அகலமாக்கி, வெள்ளம் பரவ இடம் விட்டார்கள். அப்புறம் முக்கியமான விஷயம், மேலே இருக்கிற ஊர்களில் சுத்திகரித்த கழிவுநீரைக் கோடையில் புற ஊதா ஒளியில் காட்டி, கிருமியைக் கொன்றுதான் ஆற்றில் விடுகிறார்கள்.

சிவாஜிநகர் பாய்:
அந்த மலையூர்களுக்குச் சோறு போட்டதே ஈசார்தான். மிட்டன்வால்ட், டோல்ஸ் ஆட்கள் மரங்களைத் தெப்பமாகக் கட்டி, மேலே சுண்ணாம்பும் சரக்கும் ஏற்றி மியூனிக் வரை, டான்யூப் ஆற்றில் சேர்ந்து வியன்னா வரைகூடப் போவார்கள். போன இடத்தில் சரக்கை இறக்கியதும் தெப்பத்தைப் பிரித்து அந்த மரத்தையும் விற்றுவிடுவார்கள். 1959-இல் ஈசாரின் குறுக்கே சில்வென்ஸ்டைன் அணை முடிந்தபோது ஃபால் என்ற கிராமமே மூழ்கியது, அந்த மக்களை மேட்டில் புது ஊர் கட்டிக் குடியேற்றினார்கள். இன்று மியூனிக்கை வெள்ளத்திலிருந்து காப்பது அந்த அணை. இதையும் மறக்கக் கூடாது.

ராஜாஜிநகர் மூர்த்தி:
எல்லாம் சரி, ஆனால் விருஷபாவதியோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதற்குப் பின்னால் பனிமலை கிடையாது, கோடையில் ஓடுவது பெரும்பாலும் நாம் விடுகிற சாக்கடைதான். அது அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியில் சேர்ந்து, நம் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்களுக்குத்தான் போகிறது. கரையில் நடைபாதை, பூங்கா எல்லாம் பிறகு பார்க்கலாம். செல்வி மேடம் சொன்ன கடைசி விஷயம்தான் இங்கே முதலில் நடக்க வேண்டும்: ஒரு வீட்டுச் சாக்கடைகூடச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விழக் கூடாது.