டயாலிசிஸ் மெஷினில் நல்ல தூக்கம், வீட்டில் ராத்திரி முழிப்பு: தூக்க மாத்திரை வாங்கலாமா?

நடுராத்திரி:
எனக்கு வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ், காலை முதல் ஷிப்ட். மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்தில் கண் சொக்கிவிடும். வீட்டுக்கு வந்து இன்னொரு தூக்கம். ராத்திரிதான் வினை. படுத்ததும் இரண்டு காலுக்குள்ளும் என்னவோ ஊர்கிற மாதிரி இருக்கிறது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை, ஆட்டாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எழுந்து நடந்தால் போய்விடும், படுத்தால் திரும்ப ஆரம்பம். என் கணவர் வேறு, "நீ குறட்டை விட்டால்கூடப் பரவாயில்லை, நடுவில் சத்தமே நின்றுபோகிறதே, அதுதான் திக்கென்கிறது" என்கிறார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் "தூக்கம் வரவில்லை" என்றேன். மாத்திரை எழுதட்டுமா என்று கேட்டார். என்ன செய்யலாம்?

பழைய பேஷன்ட்:
நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே டாக்டரிடம் சொன்னீர்களா? "தூக்கம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் மாத்திரைதான் தோன்றும். சும்மா இருந்தால் கால் படுத்துகிறது, ராத்திரியில் அதிகம், நடந்தால் அடங்குகிறது என்று சொல்லுங்கள். இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர், நம் கூட்டத்தில் நிறைய பேருக்கு உண்டு. எனக்கு மெஷினில் கடைசி ஒரு மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, காலோ அடங்காது. அந்த அவஸ்தை எதிரிக்கும் வரக் கூடாது.

உடம்பில் இரும்பு குறைந்தால் இது கூடும். அதனால் கடைசி ரத்த ரிப்போர்ட்டில் பெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பு), டிரான்ஸ்பெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஓடுகிற இரும்பு) இரண்டும் எவ்வளவு என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. அப்புறம் உங்கள் மாத்திரைப் பட்டியல். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, அரிப்புக்கும் சளிக்கும் தரும் தூக்கம் வரவழைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகள், இவை கால் தொல்லையை இன்னும் மோசமாக்கலாம். அரிப்பால் தூக்கம் கெட்டு, அதற்கு மாத்திரை போட்டு, அதனால் கால் கெட்டு என்று சுற்றிக்கொண்டே போகும்.

காலுக்கு காபாபென்டின் எழுதினால் ஒரு எச்சரிக்கை. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நமக்கு ரொம்பக் குறைந்த டோஸ், பெரும்பாலும் டயாலிசிஸ் முடிந்த பிறகு. நரம்பு வலிக்கு மற்றவர்கள் சாப்பிடும் அளவில் நாம் போட்டால் தள்ளாட்டம், குழப்பம், கை கால் உதறல் என்று கொண்டுபோய் விட்டுவிடும்.

மெஷின் பக்கத்து ஆள்:
நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். காலை ஷிப்டில் பாதிப் பேர் தூங்குவார்கள், எழுப்ப மனசு வராது. ஆனால் அங்கே தூங்குகிற தூக்கம் ராத்திரிக் கணக்கில்தான் கழியும். கொஞ்ச நேரம் கழித்து எழுப்பிவிடச் சொல்லுங்கள், எழுப்புவோம். டயாலிசேட், அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷினில் ஓடுகிற திரவம், அதன் சூட்டை அரை டிகிரி, ஒரு டிகிரி குறைக்கலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் இறங்காமல் இருக்கத்தான் பொதுவாகக் குறைப்போம், சிலருக்கு மெஷினில் வருகிற தூக்க மந்தமும் குறைகிறது. குளிரும், போர்வை கொண்டுவாருங்கள்.

நடுராத்திரி:
ரொம்ப நன்றி. காலைப் பற்றிப் புரிகிறது. குறட்டையையும் சொல்ல வேண்டுமா? நான் ஒல்லிதான்.

பழைய பேஷன்ட்:
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், காலைப் பற்றியே பேசிக்கொண்டு போய்விட்டேன். ஒல்லியானவர்களுக்கும் மூச்சு நிற்கும். பகலில் காலில் சேர்ந்த நீர், படுத்ததும் மேலேறிக் கழுத்துப் பக்கம் வரும், தொண்டை குறுகும். கனடாவில், வாரத்துக்கு 3 நாள் டயாலிசிஸ் செய்தவர்களை ராத்திரி முழுக்கச் செய்யும் டயாலிசிஸுக்கு மாற்றிப் பார்த்தார்கள். மூச்சு நிற்பது நன்றாகக் குறைந்தது. 2001இல் வந்த ஆய்வு. ஆகவே ட்ரை வெயிட், அதாவது அதிக நீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஸ்லீப் ஸ்டடியும் (தூங்கும்போது மூச்சைக் கவனிக்கும் பரிசோதனை) கேளுங்கள். மூச்சு நிற்கிறவர்களுக்குச் சில தூக்க மாத்திரைகள் ஆபத்து. அது தெரியும்வரை நானாக இருந்தால் வாங்கமாட்டேன்.

டயாலிசிஸ் இல்லாமல் இரண்டு நாள் சேர்ந்து வருகிற இடைவெளி இருக்கும் இல்லையா, அதில் இரண்டாவது ராத்திரி உங்கள் கணவரைச் செல்போனில் கொஞ்சம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீர் அதிகம் சேர்ந்திருக்கும் ராத்திரி அது. டாக்டரிடம் அதைக் காட்டுங்கள்.