ஸ்டார் வார்ஸ் (ஹாலிவுட் விண்வெளிப் படத் தொடர்) கொடிகட்டிப் பறந்த காலம் எது? அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?

நியூ ஜெர்ஸி (இழையைத் தொடங்கியவர்)

ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிச்ச சண்டை. புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், "ஸ்டார் வார்ஸ் உச்சம்னா 2015தான் சார், வசூலைப் பாருங்க"ன்னான். நான் 1999ன்னேன். தீராததால இங்கே கொண்டு வரேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கண்ணால பார்த்ததை எழுதுங்க. வசூல் பட்டியல் யார் வேணும்னாலும் தேடி எடுத்துக்கலாம்.

என் கதை. 1998இல் ஒய்டூகே (2000ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்ல வரவிருந்த தேதிக் கோளாறு) வேலைக்காக இங்கே வந்து இறங்கினவன் நான். நவம்பர் மாசம் ஒருநாள் கூட வேலை பார்த்த அமெரிக்கர் ஒருத்தர் எங்க ரூம்மேட்ஸ் மூணு பேரையும் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனார். படம் 'மீட் ஜோ பிளாக்'. ஹவுஸ்ஃபுல். அந்தப் படத்துக்கு இவ்வளவு கூட்டமான்னு ஆச்சரியம். விளக்கை அணைச்சதும் 1983க்கு அப்புறம் வரப்போற முதல் ஸ்டார் வார்ஸ் படம் 'தி ஃபேன்டம் மெனஸ்', அதோட டிரெய்லர் ஓடிச்சு. ரெண்டு நிமிஷம் சொச்சம். ஒரே விசில், கத்தல். முடிஞ்சதும் பாதிக் கூட்டம் எழுந்து வெளியே போயிடுச்சு! எங்களைக் கூட்டிட்டு வந்த மனுஷனும் கிளம்பிட்டார். டிரெய்லருக்காக மட்டும் டிக்கெட் வாங்கியிருக்காங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. எனக்கு அப்போ டாலரை 42ஆல் பெருக்கிப் பார்க்கிற வியாதி இருந்தது. காசு கொடுத்தாச்சு, விட முடியுமா? மூணு மணி நேரமும் உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் வந்தேன்.

அடுத்த ஆறு மாசம் ஊரே வேற மாதிரி இருந்தது. பெப்சி கேன்ல படத்துப் பாத்திரங்கள், டாக்கோ பெல் சாப்பாட்டுக் கடைக்குப் போனா பொம்மை. ஹாலிவுட் சைனீஸ் தியேட்டர் வாசல்ல ஆறு வாரத்துக்கு முன்னாடியே ஆளுங்க வந்து வரிசை போட்டுட்டாங்கன்னு டிவியில காட்டினான். 1999 மே 19, புதன்கிழமை ரிலீஸ். எங்க டீம்ல அன்னிக்குப் பாதிப் பேருக்கு ஒரே நேரத்துல பல்வலி.

நள்ளிரவுக் காட்சி பார்த்தேன். படத் தொடக்கத்துல கதைச்சுருக்கம் சொல்ற மஞ்சள் எழுத்து மேலே ஏற ஆரம்பிச்சப்போ அழுத ஆளையெல்லாம் பார்த்தேன். முடிஞ்சு வெளியே வரும்போதுதான் ஒரு மாதிரி அமைதி. "நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. படத்துல வர்ற கோமாளிப் பாத்திரம் ஜார் ஜார் பத்தி யாரும் பேச்சே எடுக்கலை, திட்டெல்லாம் மறுநாள்தான் ஆரம்பிச்சுது. அதனால என் தீர்ப்பைத் திருத்திக்கறேன்: உச்சம் 1999 இல்லை. 1998 நவம்பர்லேர்ந்து 1999 மே 18 ராத்திரி வரைக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோ

மேலே எழுதிய தம்பிக்கு: நீங்கள் பார்த்தது இரண்டாம் முறை மூட்டிய அடுப்பு. முதல் தீ பற்றியபோது பக்கத்தில் நின்றவன் நான்.

1975இல் பெர்க்லிக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தேன். 1977 மே 25 அன்று படம் வெளியானபோது அமெரிக்கா முழுக்க 32 தியேட்டர்கள்தாம். பல தியேட்டர்காரர்கள் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். 'தி அதர் சைட் ஆஃப் மிட்நைட்' என்ற இன்னொரு படம் வேண்டுமானால் இதையும் எடுத்தாக வேண்டும் என்று ஃபாக்ஸ் நிறுவனம் தலையில் கட்டியது. படம் எடுத்த ஜார்ஜ் லூகாஸுக்கே நம்பிக்கையில்லை, ஹவாய்க்குப் போய்விட்டார். எது எதன் தலையில் கட்டப்பட்டது என்பது பிறகு தெரிந்தது.

அந்த 32இல் ஒன்று கியரி சாலையில் இருந்த கோரனெட் தியேட்டர். ஆய்வகத்து நண்பன் நச்சரித்ததால் ஜூன் மாதம் போனேன். மதுரையில் எம்.ஜி.ஆர். பட முதல் நாள் நெரிசலில் சட்டை கிழிந்தவன் நான்; அமெரிக்கர்கள் சினிமாவுக்கு வரிசை கட்டுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வரிசை தெருமுனை திரும்பி, அடுத்த தெருவுக்கும் போய்விட்டது. மூன்று மணி நேரம் நின்றோம். கையில் தயிர்சாதம் இருந்ததால் பிழைத்தேன். எனக்கு முன்னால் நின்ற கிழவி ஐந்தாம் முறையாக வந்திருந்தார்.

படம் தொடங்கியது. சின்னக் கப்பல் ஒன்று திரையின் மேலிருந்து பறந்து போகிறது. அதைத் துரத்திக்கொண்டு பெரிய கப்பல் வருகிறது. வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, முடியவே மாட்டேன் என்கிறது. டால்பி ஒலியில் இருக்கையின் கைப்பிடி அதிர்ந்தது. மதுரையில் கேட்ட அதே விசில். இன்றைக்குப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது 'எபிசோட் 4' என்ற வரியே திரையில் கிடையாது. 1981 மறுவெளியீட்டில் நுழைத்தார்கள். எங்களுக்கு அது வெறும் 'ஸ்டார் வார்ஸ்'. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் கதை இன்னும் வேடிக்கை. பொம்மை செய்யும் உரிமை வாங்கிய கென்னர் கம்பெனி இவ்வளவு தேவை வரும் என்று எதிர்பார்க்கவில்லை, சரக்கு தயாராகவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மை இல்லாத அட்டை உறையை விற்றார்கள்! உள்ளே ஒரு சான்றிதழ். அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த ஆண்டு நான்கு பொம்மைகள் வீட்டுக்கு வரும். என் பேராசிரியரின் மகன் அந்த வெறும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் குதித்தான். 2015இல் இரண்டு பில்லியன் டாலர் வசூலாகியிருக்கலாம். வெறும் அட்டையை வாங்க ஆள் இருந்தானா?

கோரனெட் 2005இல் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் முதியோர் குடியிருப்பு. எனக்கு வயது 74. மனு போடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

சென்னை, வேளச்சேரி

தாத்தா, மன்னிக்கணும், 2015 கட்சி நான்தான். ஆனா வசூல் பேச வரலை.

2015 டிசம்பர் சென்னையில என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல இடுப்பளவு தண்ணி. ஒரு வாரம் மாடியிலயே இருந்தோம். தண்ணி வடிஞ்சு, பாய் தலையணையெல்லாம் தூக்கிப் போட்டு, பினாயில் வாசனையோட உட்கார்ந்திருந்தப்போ டிசம்பர் 18க்குள்ள பெரும்பாலான நாடுகள்ல புது ஸ்டார் வார்ஸ் படம் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' ரிலீஸ். இந்தியாவுல இல்லை! அதே நாள் 'தில்வாலே', 'பாஜிராவ் மஸ்தானி' ரெண்டும் வந்ததால நமக்கு 25ஆம் தேதிக்குத் தள்ளிட்டாங்க. அந்த ஏழு நாள் நான் இன்டர்நெட் பக்கமே போகலை. வெள்ளத்துல நெட் இல்லாம தவிச்சது போய், நெட் வந்தும் தொடாம இருந்தேன். அப்படியும் டெக்சாஸ்ல இருக்கிற பெரியம்மா பையன் ஃபேமிலி குரூப்ல போட்டுட்டான், முதல் படத்துலேர்ந்து வர்ற நாயகன் ஹான் சோலோ செத்துடறார்னு. இன்னிவரைக்கும் அவன்கூட சரியாப் பேசறதில்லை. பெரியம்மா மட்டும் "யாருப்பா அது, உங்க ஆபீஸா?"ன்னு துக்கம் விசாரிச்சாங்க.

கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பார்த்தேன். கருப்பு டி-ஷர்ட் போட்ட முப்பது நாப்பது பேர் முன்னாடியே வந்து ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கிட்டோம். பழைய படங்கள்ல வந்த விண்கப்பல் திரையில வந்ததும் நாங்க கத்தின கத்தல்ல, குடும்பத்தோட வந்திருந்தவங்க திரும்பிப் பார்த்து முறைச்சாங்க. உலகத்துலேயே பெரிய படம், எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. இதுதான் சென்னை நிலவரம். டைனோசர்னா பாட்டிக்குக்கூடத் தெரியும், கருப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர்னா யாருக்கும் தெரியாது.

இல்லை, தப்பா சொல்றேன். அடுத்த வருஷம் ஒரு ஆட்டோ டிரைவர் அண்ணா டார்த் வேடர் முகம் போட்ட டி-ஷர்ட் போட்டிருந்தார். எனக்குக் கை கால் ஓடலை. "அண்ணா, இது யாருன்னு தெரியுமா?"ன்னு கேட்டேன். "பாண்டி பஜார்ல நூத்தைம்பது ரூவாம்மா. ஏதோ ஹெல்மெட் கம்பெனி போல"ன்னார்.

படமே பார்க்காதவங்க முதுகுல ஏறி ஊர் சுத்துதே, உச்சம்னு நான் சொல்றது அதைத்தான்.

நியூ ஜெர்ஸி

ஹெல்மெட் கம்பெனி! சாப்பாடு புரைக்கேறிடுச்சு. நாளைக்கு ஆபீஸ்ல இதைச் சொல்லியே ஆகணும்.

சிங்கப்பூர்

சுருக்கமாக என் பங்கு. ஒன்-நார்த் பகுதியில் வேலை. அங்கே ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் ஸ்டூடியோ கட்டடம் ஒன்று 2014இல் திறந்தார்கள். பெயரே 'சாண்ட்கிராலர்', முதல் படத்தில் பாலைவனத்தில் ஊர்ந்து போகும் பெரிய வண்டி மாதிரியே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் யோடா சிலை; படங்களில் வரும் பச்சை நிறக் குள்ளக் கிழ குரு அவர். 2021இல் என் மகளுக்கு நான்கு வயது, டிவியில் 'மாண்டலோரியன்' என்ற ஸ்டார் வார்ஸ் தொடர் பார்த்து, அதில் யோடா மாதிரியே இருக்கும் குழந்தை 'பேபி யோடா' மேல் பைத்தியம். சிலையைக் காட்டினேன். "பேபியோட தாத்தா" என்று சொல்லிக் கும்பிட்டாள். அந்த ஸ்டூடியோவை மூடப்போவதாக 2023இல் அறிவித்தார்கள். மதிய நேரத்தில் அந்தப் பக்கம் போனால் இப்போதும் சிலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

லண்டன், ஈஸ்ட்ஹாம்

எல்லாரும் உச்சத்தைப் பற்றிக் கதைக்கிறியள். நான் வந்து சேர்ந்தது எல்லாரும் விட்டுட்டுப் போன பிறகு.

83 ஜூன் மாதம் மூண்டாவது ஸ்டார் வார்ஸ் படம் 'ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை' லண்டனில ஓடத் தொடங்கினது. அடுத்த மாதம் கலவரத்தில, கொழும்பு வெள்ளவத்தையில எங்கட வீடு எரிஞ்சது. யாழ்ப்பாணம் போய், அங்க ஒண்டரை வருசம் இருந்து, 84 மார்கழியில அம்மாவும் நானும் அப்பாவிட்ட வந்து சேர்ந்தம். எனக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடத்தில பெடியள் கதைக்கிறது ஒண்டும் விளங்காது. அவங்கள் கையில வைச்சிருந்தது ஹீ-மேன், பிறகு டிரான்ஸ்ஃபார்மர்ஸ். ஸ்டார் வார்ஸ் எண்டு சொன்னா, அது சின்னப் பிள்ளையளின்ர சாமான் எண்டு சிரிப்பினம்.

அதாலதான் எங்களுக்கு அது கிடைச்சது. குயின்ஸ் மார்க்கெட்டில மரக்கறி வாங்கப் போகேக்க, ஒரு கடையில பழைய பொம்மையளைப் பெட்டிக்குள்ள கொட்டி வைச்சு மலிவா வித்தவை. அட்டையில மூண்டு பாசையில பேர் இருக்கும். அம்மா வெண்டிக்காய் விலை கேக்கிற நேரம் நான் அந்தப் பெட்டிக்குள்ள கை விட்டு ஒண்டு எடுத்தன். அட்மிரல் ஆக்பார். மீன் தலை, மனுச உடம்பு. அம்மா வாங்கிப் பாத்திட்டு, "உலகத்தில எவ்வளவோ வடிவான பொம்மை கிடக்கு, உனக்கு இந்த விளைமீன் தலையன்தானோ கிடைச்சவன்?" எண்டு கேட்டா. ஆனா காசு குடுத்தவ. லண்டனில எனக்கெண்டு வாங்கின முதல் விளையாட்டுச் சாமான் அது.

அவர் ஆர், நல்லவரோ கெட்டவரோ எண்டு எனக்குத் தெரியாது. ஒரு வருசத்துக்கு மேல நானே கதை கட்டி விளையாடினன். என்ர கதையில அவர் பருத்தித்துறையில மீன்பிடிச் சங்கத்தலைவர். 86இல வீடியோக் கடையில கசெட் எடுத்துப் பாக்கேக்கதான் அவர் பெரிய படையை நடத்திற தளபதி எண்டு தெரிஞ்சது. அம்மா சமையலறையில இருந்து ஓடி வந்து, "எங்கட ஆள் வந்திட்டாரோ?" எண்டு கேட்டா. அவர் வெண்டவுடன, "நான் வாங்கித் தந்ததாச்சே" எண்டா.

சான் ஃபிரான்சிஸ்கோ

ஐயா, நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மையை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

லண்டன், ஈஸ்ட்ஹாம்

கிடக்கு ஐயா. அம்மாவின்ர சாமி அறையில, பிள்ளையாருக்குப் பின்னால. அம்மா போய் நாலு வருசம், நான் எடுக்கேல்லை. ஒரு கை இல்லை. படம் எடுத்து இங்க போடுறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது, மகள் வேலையால வந்தாப் பிறகு போடச் சொல்லுறன்.